சேப்பாக்கத்துச் சிற்பி சிஷோம்



மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் வலது பக்கம்தான் போகும். அங்கே கடல், மணல், சுண்டல், காத்தாடி. தப்பில்லை. நானும் ரெண்டரை வருஷம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். என்னை இடது பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு பெரிய மனிதரோ ஒரு புத்தகமோ இல்லை. நான் செய்த ஒரு தப்பு. அது என்ன தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் ஓடிவிட மாட்டேன்.

அந்த இடது பக்கத்தில் மாநிலக் கல்லூரி, சேப்பாக்கம் அரண்மனையின் கோபுரம், உழைப்பாளர் சிலைக்கு எதிரே செனட் ஹவுஸ் என்று வரிசையாக நிற்கின்றனவே, இந்த மூன்றிலும் ஒரே ஆளின் கை இருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முகம் கொடுத்தவர். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? சிவில் படிக்கிற எனக்கே தெரியாது என்றால் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்களைச் சொல்லி என்ன பயன்! அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவருடைய கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

போட்டியில் ஜெயித்த இளைஞர்

சிஷோம் லண்டனில் பிறந்தவர். பொதுப்பணித் துறை வேலையாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கிவிட்டாலும் அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டடம் இல்லை. மாநிலக் கல்லூரிக்கும் இட நெருக்கடி. ஆகவே 1864-ல் அரசாங்கம் இரண்டு கட்டடங்களுக்கும் வரைபடம் கேட்டுப் போட்டி அறிவித்தது. இருபதுகளில் இருந்த சிஷோம் கல்கத்தாவிலிருந்தே படம் வரைந்து அனுப்பினார். பரிசு அவருக்கே! 1865-ல் சென்னைக்கு வந்தார். வந்தவர் இருபது வருஷத்துக்குக் குறையாமல் இந்த ஊர் வேலைகளிலேயே மூழ்கிவிட்டார்.

முதலில் எழுந்தது மாநிலக் கல்லூரி. 1867-ல் தொடங்கிய வேலை முடிந்து, 1870-ல் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் இத்தாலி நாட்டு ஜாடை தெரியும். ஊருக்குப் புதுசாக வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர், தனக்குப் பழக்கமானதைத்தானே கட்டுவார்? உச்சியில் நாலு முகக் கடிகாரத்தோடு தெரிகிற கும்மட்டம் அவர் கட்டியதல்ல. அது 1940-ல் சேர்த்தது. முன்னாள் முதல்வர் ஃபைசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல கட்டடம் என்றால் பின்னால் வருகிறவனுக்கும் கொஞ்சம் இடம் விடும் என்பதற்கு இதையே உதாரணமாகச் சொல்லலாம்.

இடிக்காமல் கட்டியவர்

அடுத்து வந்தது சேப்பாக்கம் அரண்மனை. என்னைப் பொறுத்தவரை சிஷோமின் வாழ்க்கையில் திருப்பம் இதுதான்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழுந்த மாளிகை அது. கடைசி நவாப் வாரிசில்லாமல் 1855-ல் இறந்ததும் பட்டம் போயிற்று; 1859-ல் அரண்மனை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வருவாய் வாரியத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் இடம் வேண்டும். நம்ம காலத்து ஆளாக இருந்தால் என்ன செய்வார்? ஜே.சி.பி.யைக் கூப்பிடுவார்! சிஷோம் அப்படிச் செய்யவில்லை. கலஸ் மகால், ஹுமாயூன் மகால் என்று தனித்தனியாக நின்ற இரண்டு பகுதிகளையும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பி இரண்டையும் சேர்த்தார். கோபுரத்துக்கு இத்தாலியத் தொப்பி போடவில்லை. பக்கத்தில் இருந்த நவாப் காலத்து வளைவுகளோடு ஒத்துப்போகிற மாதிரி கட்டினார். இன்றைக்கு வாசலில் நின்று பார்க்கிற நூறு பேரில் எத்தனை பேருக்கு எது பழசு, எது சிஷோம் சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. இந்த நாட்டுக் கட்டடக் கலை மேல் அவருக்குத் தனிப் பிரியம். மதுரையில் இடிந்துகொண்டிருந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். அந்தப் பொறுப்பும் சிஷோமிடம் வந்தது. பெரிய பெரிய தூண்களையும் சுதை வேலையையும் அருகில் இருந்து அளந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அப்படிச் சரிசெய்த மகாலில் பின்னர் மாவட்ட நீதிமன்றம் 1970 வரை நடந்தது. ஆக, பழைய அரண்மனை ஒரு நூற்றாண்டு காலம் புது வேலைக்குப் பயன்பட்டது!

சேப்பாக்கமும் மதுரையும் சேர்ந்து அவரை மாற்றிவிட்டன. படிக்க வந்த இடத்தில் பாடம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். பாடம் நடத்த வந்த இடத்தில் படித்தவர் சிஷோம்.

செனட் ஹவுஸ்

1874-ல் செனட் ஹவுஸ் வேலை தொடங்கியது. 1879-ல் முடிந்தது. மாநிலக் கல்லூரிக்கும் இதற்கும் நடுவே சில வருஷங்கள்தான் இடைவெளி. ஆனால் இரண்டையும் ஒரே ஆள் கட்டினார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். மூலைக் கோபுரங்களின் தலையில் வெங்காய வடிவக் கும்மட்டங்கள், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், சிற்ப வேலை செய்த தூண் தலைப்புகள், பைசாந்திய சாயலில் வளைவுகள். நடுவில் உள்ள பெரிய மண்டபம் சுமார் 130 அடி நீளம், 50 அடிக்கு மேல் உயரம். சுமார் 1600 பேர் உட்காரலாம் என்பார்கள்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். சிவில்காரன் கண்ணோடு கொஞ்சம் பாருங்கள். மின்விசிறியே இல்லாத காலத்தில், மே மாத வெயிலில், அத்தனை பேரை ஒரு மண்டபத்தில் எப்படி உட்கார வைப்பது? விடை கட்டடத்திலேயே இருக்கிறது. பக்கவாட்டில் அகலமான வராந்தா. நேர் வெயில் உள் சுவரைத் தொடாது. கனமான செங்கல் சுவர். பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் கடல் காற்று எழுந்துவிடும். உயரமான கூரை, சூடான காற்று தலைக்கு மேலே போய் நிற்கும். சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். இதையெல்லாம் இன்றைக்குப் பசுமைக் கட்டடம் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறோம். சிஷோமும் அவரோடு வேலை செய்த நம்மூர்க் கொத்தனார்களும் பெயர் வைக்காமலே செய்துவிட்டார்கள்.

இந்த மண்டபம் பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் பயன்படவில்லை. 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றமும் இங்கே கூடியது.

பள்ளிக்கூடமும் வெளியூர் வேலைகளும்

சிஷோம் 1877-லிருந்து சில ஆண்டுகள் சென்னைக் கலைத்தொழில் பள்ளிக்குத் தலைவராகவும் இருந்தார். இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி என்று நாம் சொல்வது அதைத்தான். நம்மைப் போலக் கையால் தொழில் கற்கிற பிள்ளைகளுக்கான பள்ளி அது. கட்டடம் என்பது வரைபடக்காரர் ஒருத்தரின் வேலை மட்டும் இல்லை, தச்சன், கொல்லன், குயவன், கொத்தனார் எல்லாரும் சேர்ந்து இழுக்கிற தேர் என்று தெரிந்தவர் அவர்.

மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே தலைமைத் தபால் நிலையம், சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் எல்லாம் அவர் கைவண்ணமே. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியபோது சேப்பாக்கத்துக் கும்மட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மலையாள நாட்டு மழைக்கு ஏற்ற சரிவான கூரையையும் அங்கத்து மரவேலையையும் எடுத்துக்கொண்டார். ஊருக்கு ஏற்ற கட்டடம்!

பிறகு பரோடா. அங்கே லட்சுமி விலாஸ் அரண்மனையைத் தொடங்கிய சார்லஸ் மான்ட் 1881-ல் இறந்துவிட, பாதியில் நின்ற வேலையைச் சிஷோம் ஏற்று 1890-ல் முடித்தார். பரோடா கல்லூரிக்கு அவர் போட்ட பெரிய கும்மட்டம் இன்று மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அடையாளமாக இருக்கிறது. இன்னொருத்தர் தொடங்கியதை அவர் மனசு நோகாமல் முடித்துக் கொடுப்பது சாதாரண விஷயமா? தன் கட்டடத்தை மட்டுமே நேசிக்கிறவரால் அது முடியாது.

முதுமையில் இங்கிலாந்து திரும்பினார். லண்டன் ஸ்லோன் டெரஸில் ஒரு கிறிஸ்தவ சபைக்காக அவர் வடிவமைத்த ஆலயம் 1907-ல் திறந்தது. 1915-ல் காலமானார்.

அவருக்குப் பிறகு

கட்டியவர் போய்விட்டார். கட்டடங்கள் நின்றன. ஆனால் நிற்பது ஒன்றும் லேசான காரியம் இல்லையே!

செனட் ஹவுஸ் பல வருஷம் சரியான பராமரிப்பில்லாமல் சீர்கெட்டது. பல்கலைக்கழகத்தின் 150-ஆவது ஆண்டு நெருங்கிய சமயத்தில்தான் விடிவு பிறந்தது. இன்டாக் அமைப்பின் நிபுணர்கள் துணையோடு பழைய பூச்சும் ஓவியமும் வண்ணக் கண்ணாடியும் ஒவ்வொன்றாகச் சீரமைக்கப்பட்டன.

கலஸ் மகாலுக்கு வந்தது இன்னும் பெரிய சோதனை. 2012 ஜனவரியில் ஒரு ராத்திரி தீப்பிடித்துக் கூரை சரிந்தது. தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரை விட்டார். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதுசாகக் கான்கிரீட் கட்டியிருக்கலாம். ஆனால் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு அரைத்து, தேக்கு உத்திரம் போட்டு, மெட்ராஸ் டெரஸ் தளத்தையே திரும்ப அமைத்தது. நாம் புத்தகத்தில் ஒரு படத்தோடு தாண்டிப் போகிறோமே, அதே மெட்ராஸ் டெரஸ்தான். அந்தக் கட்டடத்துக்கு இப்போது யார் குடிவந்திருக்கிறார்கள் தெரியுமா? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு! பொருத்தம் என்றால் இதுவல்லவோ பொருத்தம்.

லண்டன் ஆலயத்தின் கதையும் இதேதான். கூட்டம் குறைந்து 1990-களில் அது பூட்டிக் கிடந்தது. இடிக்கவில்லை. உள்ளே ஒலி அமைப்பையும் இருக்கைகளையும் மாற்றி, 2004-ல் கடோகன் ஹால் என்ற இசை அரங்கமாகத் திறந்தார்கள். சுமார் 950 பேர் உட்கார்ந்து கச்சேரி கேட்கிறார்கள். அரண்மனையை அலுவலகமாக்கிய சிஷோமின் ஆலயம் சபாவாகிவிட்டது.

எல்லாக் கட்டடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. மயிலாப்பூர் ராணி மேரி கல்லூரியை நினைத்துப் பாருங்கள். 2003-ல் தலைமைச் செயலகத்துக்காக அதை இடிப்பது என்று அரசு முடிவெடுத்தபோது, மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடிக் கல்லூரியைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் 1914-ல் கல்லூரி தொடங்கிய கேப்பர் ஹவுஸ் கட்டடம் பின்னாளில் பழுதாகிப் போய்விட்டது. அந்த இடத்தில் 2010-ல் புதுக் கட்டடம் வந்தது. கோஷம் போட்டால் புல்டோசர் நிற்கும். மழைத் தண்ணி நிற்காது. அதற்குத் தினமும் யாராவது தளத்துக் குழாயில் அடைத்த இலையை எடுத்துப் போட்டாக வேண்டும்.

என் தப்பு

இப்போது என் கதை. நான் முதல் தொழிற்பயிற்சிக்குப் போன இடம் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். பெயர் வேண்டாம். கோடை விடுமுறைக்குள் சுவர்களைப் பூசி முடிக்க வேண்டும். அறுபது தாண்டிய மேஸ்திரி ஒருவர், இது சுண்ணாம்புக் கட்டு, சுண்ணாம்புதான் பூசணும் தம்பி என்று என்னிடம் சொன்னார். சுண்ணாம்பை ஊற வைக்க வேண்டும், அரைக்க வேண்டும், காய விட வேண்டும். நாள் ஆகும். படித்த பையன் நீயே கலவையைச் சொல்லு என்றார்கள். நான் ஒன்றுக்கு நாலு சிமெண்ட் பூச்சு என்று நோட்டில் எழுதினேன். எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை!

நவம்பர் மழை வந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் கொஞ்சம் ஒழுகல். அந்த ஈரம் சுவருக்குள் இறங்கியது. சுண்ணாம்பாக இருந்தால் வெளியே மூச்சு விட்டிருக்கும். என் சிமெண்ட் கதவைச் சாத்திவிட்டது. உப்புப் பூத்து, பூச்சு உப்பி, ஒரு நாள் காலையில் பெரிய பத்தையாக வராந்தாவில் விழுந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் விழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கட்டடம் தளர்ந்துவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். முகப்பு வளைவை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் முழுக்க இடித்துவிடலாம் என்று பேச்சு. இரண்டாம் பயிற்சிக்கு நான் அங்கேயே திரும்பிப் போயிருந்தேன். மேஸ்திரி என்னை அழைத்துப்போய், விழுந்த இடத்துச் செங்கல்லைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். கணீர் என்று சத்தம். சுவர் நன்றாக இருந்தது. கெட்டது என் பூச்சு மட்டுமே.

நான் சொல்லவில்லை. சான்றிதழில் கையெழுத்து ஆகவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கையெழுத்து ஆன மறுநாள் இன்ஜினியர் சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. நாலு இடத்தில் பூச்சை உடைத்துப் பார்த்தார், வேலையை நிறுத்தினார். ஆனால் அதற்குள் மேற்குப் பக்கத்து வகுப்பறைகள் போய்விட்டன. கிழக்கு வரிசை தப்பியது. அதற்கு அந்த மேஸ்திரியே சுண்ணாம்பு பூசினார். நாலு ஞாயிற்றுக்கிழமை நான் கூலி வாங்காமல் அவருக்குச் சுண்ணாம்பு குழைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவே. மேற்கு வரிசை திரும்ப வராது.

நாம் என்ன செய்யலாம்?

முகப்பை மட்டும் காப்பாற்றுவது சில சமயம் வேறு வழியில்லாமல் செய்ய வேண்டியதுதான். பின்புறம் உண்மையிலேயே நைந்து போயிருந்தால் ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் உண்மையிலேயே நைந்துவிட்டதா என்று முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்குச் சுமார் 500 செங்கல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முறை சூளையில் வெந்தது. இடித்தால் அந்த விறகும் உழைப்பும் குப்பை. புதுசாகக் கட்டினால் திரும்ப எரிக்க வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. நின்றுகொண்டிருக்கிற சுவர் ஏற்கெனவே விலை கொடுத்து முடித்த சுவர்.

ஆகவே பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே கொடுங்கள், ஐ.எஸ். 712-ஐ ஒரு தடவை புரட்டுங்கள். ஒயரிங்கைச் சுவரைக் குடையாமல் மேலாகக் கொண்டு போங்கள். லிஃப்டும் கழிப்பறையும் வேண்டுமா, பின்னால் தனித் தூணில் நிறுத்துங்கள். அடைத்து வைத்த வராந்தாவைத் திறந்து விடுங்கள், பாதி ஏ.சி. தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கே வேலை செய்கிற வயசான மேஸ்திரி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சிஷோம் கேட்டார். பெரிய ஆளானார். நான் கேட்கவில்லை. ஆறு வகுப்பறை போயிற்று.

அடுத்த தடவை கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், நண்பர்களே. உழைப்பாளர் சிலை ஸ்டாப்பில் இறங்கி, செனட் ஹவுஸைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வாங்க. சுண்டல் எங்கேயும் போய்விடாது.

— இறுதியாண்டு, சிவில் பிரிவு மாணவன்